முறுக்கு சுற்றாத விரல்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஈரோட்டைத் தாண்டினால் வெளியூர், ஜோலார்பேட்டையைத் தாண்டினால் வெளிநாடு. அந்தக் கணக்கில் பார்த்தால் நான் என் வலது கை நடுவிரலை ரிப்பேர் செய்துகொள்ள வெளிநாடு போய் வந்தவள். பாஸ்போர்ட் மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

விரலின் நடு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. மடக்கினால் வலி, நீட்டினால் வலி, சும்மா மடியில் வைத்திருந்தாலும் வலி. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், "அத்தனை வருஷம் நம்பர் சுத்தின விரலாச்சே" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் இரக்கப்பட்டார்கள். நானும் அந்த இரக்கத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையில் அந்த விரலைத் தேய்த்தது டெலிபோன் இல்லை, கேரம் போர்டு.

இலாகா அணிக்காக ஆடியவள் நான். ஓய்வுக்குப் பிறகு எங்கள் தெருமுனை கிளப்பில் மீசை முறுக்கிக்கொண்டு வரும் ஆண்களை உட்கார வைத்துத் தோற்கடிப்பதைத் தொழிலாகவே வைத்திருந்தேன். நடுவிரலை இழுத்துப் பிடித்து, சடாரென்று நீட்டிச் சுண்டுவதுதான் என் அடி. மூட்டு போன பிறகு ஒரு வருடமாக ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை. வீட்டில் குழம்பு நேரத்துக்கு ஆனதில் என் கணவருக்கு உள்ளூர சந்தோஷம்தான். நான் சாயங்கால சீரியல்களின் கதையை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லும் நிலைமைக்கு வந்திருந்தேன். அதற்கு மேலும் பொறுக்க முடியாமல்தான் செயற்கை மூட்டு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். இடுப்புக்கும் முழங்காலுக்கும் வைப்பதுபோல விரலுக்கும் வைக்கிறார்கள், வேலூரில் கைக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

எங்கள் மகளை ஆம்பூரில் கொடுத்திருக்கிறோம். அவளும் மருமகனும் ஓசூரில் வேலையாக இருக்கிறார்கள். மருமகனின் அம்மா, அதாவது என் சம்பந்தி, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். வீட்டில் தனி ஆள். வேலூரில் ஒரு லாட்ஜ் பார்க்கட்டுமா என்று போனில் கேட்டதற்கு, "லாட்ஜா? நான் இன்னா செத்தா போய்ட்டேன்?" என்று அவர் கத்தியதில் பேச்சு முடிந்தது. என் கணவர் கூட வரவில்லை. அவர் ரத்தத்தைப் பார்த்தால் சாய்ந்துவிடுவார், பக்கத்துக் கட்டிலில் அவரையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

ரயில் வாணியம்பாடியைத் தாண்டியதும் ஜன்னல் வழியாகத் தோல் பதனிடும் வாடை வந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். எதிரே இருந்தவர் அதே வாடையை ஆழமாக இழுத்துவிட்டு, "ஊர் வந்துடுச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். ஸ்டேஷனுக்கு வெளியே சம்பந்தி ஸ்கூட்டரோடு நின்றிருந்தார்.

"வாங்க சம்பந்தி! இன்னா இப்டி இளைச்சுட்டீங்க!"

நான் இளைக்கவில்லை. சீரியல் பார்த்து ஊதிப்போயிருந்தேன். ஆனால் மறுத்துச் சொல்வது மரியாதையில்லை. "அப்படீங்களா சம்பந்தி? நீங்களுந்தானுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட என் செருப்பைப் பார்த்த நேரம் அதிகம். "இந்தத் தையல் கோணலா போயிருக்கு பாருங்க, எங்க கம்பெனில இருந்தா ரிஜெக்ட்" என்றார். அதன் பிறகு அந்த ஊரில் இருந்தவரை கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேதான் நடந்தேன்.

சம்பந்தி உறவு ஒரு விசித்திரமான உறவு. அண்ணன் தங்கை என்றால் சண்டை போடலாம், சிநேகிதி என்றால் கிண்டல் செய்யலாம். சம்பந்திகள் மட்டும் ஆயுசு முழுக்க ஒருவரையொருவர் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரியே உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று இரவு நான் வேண்டாம் என்ற ஒவ்வொரு தோசைக்கும் அவர் இரண்டு வைத்தார். நான் சாப்பிட்டுவிட்டு, "அருமைங்க" என்றேன். வயிறு வெடித்தாலும் கௌரவம் வெடிக்கக் கூடாது.

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு என்னை வேலூருக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் ஏறி, மகளின் சமையல் எப்படி என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே போனதில், அது ஊருக்குள் போகாத பைபாஸ் வண்டி என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கண்டக்டர் பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்.

"உள்ள போவாதுன்னு ஏறும்போதே சொன்னேனேம்மா!"

"எங்கய்யா சொன்ன? வாய்க்குள்ளயே சொல்லிக்கினா எங்களுக்கு எப்டிக் கேக்கும்?" என்று சம்பந்தி சண்டைக்குப் போனார். பிறகு நான் பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்து, குரலைத் தாழ்த்தி, "பேஜார் புடிச்சவன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டார். கோயம்புத்தூரில் அந்த நேரத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும். அங்கே பாலத்தின் நிழல்கூடச் சுட்டது. ஷேர் ஆட்டோவில் நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, விரல் ஒன்றுதான் எனக்கு வலிக்காத இடமாக இருந்தது.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, "மூட்டுன்னு சொல்ல இங்க ஒண்ணும் மிச்சமில்லம்மா" என்றார். தேய்ந்த முனைகளை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் கீல் மாதிரி வளையும் சிலிகோன் துண்டு ஒன்றைச் செருகுவார்களாம். அதற்கு விரலுக்குள் நுழைய மூன்று வழிகள் இருக்கின்றன என்று, தன் சொந்த விரலையே நீட்டி விளக்கினார்.

"மேல்பக்கமா, விரலோட முதுகு வழியா போகலாம். ஆனா அங்க விரலை நீட்டற தசைநார் படுத்திருக்கு. அதைப் பிளந்தோ, மடிச்சுத் தூக்கியோதான் உள்ள போகணும், அப்புறம் தைச்சுடுவோம். மூட்டு நல்லா விரிஞ்சு தெரியும், எங்களுக்கு வேலை சுலபம். ரெண்டாவது, உள்ளங்கைப் பக்கம். அப்படிப் போனா நீட்டற நாரைத் தொடவே வேண்டாம். ஆனா மடக்கற நார், உணர்ச்சி நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் அந்தப் பக்கம்தான் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கு, எல்லாத்தையும் அலுங்காம ஒதுக்கணும். மூணாவது பக்கவாட்டு. ரெண்டு நாரும் தப்பிச்சுக்கும். ஆனா மூட்டைப் பக்கத்துல இழுத்துக் கட்டியிருக்கற பட்டையை அறுத்துத் திரும்பக் கட்டணும். அது சரியா ஒட்டலைன்னா விரல் ஒரு பக்கமா சாயும்."

நான் தலையாட்டினேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "அதனால முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இந்த விரலை வெச்சு முக்கியமா என்ன பண்ணுவீங்க? எதுக்கு இது வேணும்?"

இதைவிடச் சுலபமான கேள்வி இருக்க முடியாது. கேரம் ஆட, டாக்டர். ஸ்ட்ரைக்கரைச் சுண்ட. அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். பக்கத்து நாற்காலியில் சம்பந்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பாடம் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார். இவர்கள் முதன்முதலில் பெண் பார்க்க வந்த அன்று நான் என் கேரம் கோப்பைகளை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டவள். பெண்ணின் அம்மா கிளப்பில் ஆண்களோடு உட்கார்ந்து கேரம் ஆடுகிறவள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். கோப்பைகள் இன்னும் பரணில்தான் இருக்கின்றன.

"வீட்டு வேலைதானுங்க டாக்டர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கோலம் போடுவேன். பூக் கட்டுவேன். கைமுறுக்கு சுத்துவேனுங்க."

நான் பூவை முழம் போட்டு வாங்குகிறவள். கோலத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். கைமுறுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. சம்பந்தியின் முகத்தில் மட்டும் ஒரு பெரிய மரியாதை படர்ந்தது.

"அப்ப மடக்கறதும் பிடிக்கறதும்தான் முக்கியம்" என்றார் டாக்டர். "மேல்பக்கமாவே போயிடறேன். கடைசில முழுசா நீட்ட முடியாம விரல் கொஞ்சம் தொங்கலாம், நீட்டற பலமும் கொஞ்சம் குறையலாம். கைமுறுக்குக்கு அது ஒரு தடையே இல்லை."

 எனக்கு வேண்டியதே அந்த நீட்டல்தான். மடக்கினால் என்ன, மடக்காவிட்டால் என்ன? சடாரென்று நீளாத விரல் எனக்கு எதற்கு? இவ்வளவும் மனசுக்குள் ஓடியது. வாய் மட்டும், "சரீங்க டாக்டர்" என்றது. நாளை மறுநாள் காலை ஆபரேஷன் என்று முடிவானது.

திரும்பும்போது சம்பந்தி என் கையைப் பிடித்துப் பார்த்தார். "இந்த விரலாலயா கைமுறுக்கு சுத்துறீங்க! எங்க வீட்ல யாருக்கும் வராது சம்பந்தி." நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே அறைந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஆம்பூரில் பல கம்பெனிகளுக்கு வெள்ளிதான் விடுமுறை. எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமை முகம் அங்கே வெள்ளிக்கிழமைக்கு இருக்கிறது. கறிக்கடையில் கூட்டம், தெருவில் அத்தர் மணம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகள். நான் எழுந்து வந்தபோது அடுப்படியில் அரிசிமாவு, உளுந்துமாவு, வெண்ணெய், சீரகம் எல்லாம் வரிசையாக இருந்தன.

"உங்களுக்கு விரல் வலிக்கும், நீங்க தொட வேணாம். உக்காந்து சொல்லுங்க, நான் சுத்தறேன். ஆபரேஷனுக்கு முன்னாடி கத்துக்கறேன்" என்றார் சம்பந்தி.

ஓடிப்போய் ரயில் ஏறிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கிளப்பில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே தோரணையில் ஆரம்பித்தேன்.

"தண்ணி எத்தினி ஊத்தணும் சம்பந்தி?"

"மாவு கேக்கற அளவுக்குங்க."

"எத்தினி சுத்து?"

"அது... மனசுக்குப் பட்டதுங்க."

"விரல்ல திருகிக்கினே விடணுமா, திருகிட்டு விடணுமா?"

"ரெண்டு விதமாவும் பண்ணலாமுங்க. உங்க கைப்பக்குவம்."

எண்ணெயில் விழுந்தவை முறுக்கு இல்லை. சில நத்தை மாதிரி இருந்தன, சில எதைப் போலவும் இல்லை. ஒன்றைக் கடித்த சம்பந்தி, மறுபக்கத்துப் பல்லுக்கு மாற்றிக் கடித்தார். கம்பெனியில் கண்ணுக்கே தெரியாத தையல் கோணலுக்கு ஷூவைத் திருப்பி அனுப்புகிற பெண்மணி, "முதல் தடவைக்குப் பரவால்ல, இல்ல?" என்றார். நானும் அதைக் கடித்துக்கொண்டே, "அருமைங்க" என்றேன். எங்கள் இரண்டு பேருடைய பல்லுக்கும் அன்றைக்கு நல்ல நேரம்.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஷமீமா பிரியாணி கொடுத்தனுப்பினார். சீரகச் சம்பா அரிசி, எண்ணெய்க் கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி. பிரியாணிக்குக் கத்தரிக்காயா என்று கோயம்புத்தூர்த் திமிரோடு ஒதுக்கி வைத்தேன். பிறகு ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். பிறகு சம்பந்தியின் தட்டில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். எங்கள் ஊர் பிரியாணியைப் பற்றி இனிமேல் பெருமையடிக்கப் போவதில்லை.

சாப்பிட்டதும் சம்பந்தி முறுக்கை ஒரு டப்பாவில் போட்டார். "ஷமீமா வீட்ல குடுத்துட்டு இதோ வந்துர்றேன். நீங்க படுங்க." முறுக்கைக் கொடுத்து யாருடைய சிநேகத்தையும் வளர்க்க முடியாது என்று தோன்றியது, ஆனாலும் படுத்தேன். சம்பந்தி வரவில்லை. கண்ணை மூடினேன், அப்போதும் வரவில்லை. அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு சத்தம் கேட்டது.

டக்.

ஸ்ட்ரைக்கர் காயில் படும் சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். தொடர்ந்து காய் குழியில் விழும் சத்தம், ஒரு பெண்ணின் "மாஷா அல்லா!" நான் எழுந்து, கோணல் தையல் செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கூடத்துத் தரையில் கேரம் போர்டு. ஒரு பக்கம் ஷமீமா, எதிர்ப்பக்கம் புடவையை இழுத்துச் செருகி, சம்மணம் போட்டு, விரல் நுனியெல்லாம் பவுடரோடு, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்துக்கொண்டு என் சம்பந்தி.

என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனம் செய்து மாட்டியவர் மாதிரி எழுந்தார். பவுடர் கையைப் புடவையில் துடைத்து, அது வெள்ளையாக அப்பிக்கொள்ள, அதை மறைக்கத் திரும்பி நின்றார்.

"சம்பந்தி... சும்மா... ஷமீமா கூப்ட்டா..."

"அக்கா வெள்ளிக்கெழம தவறாம ஆடுவாங்க" என்றார் ஷமீமா, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. "போர்டே அக்காவோடதுதான். கல்யாணப் பேச்சு நடந்தப்ப எங்க வீட்ல கொண்டாந்து வெச்சாங்க. கோயம்புத்தூர்லேர்ந்து பெரிய எடம் வருது, பாத்தா இன்னா நெனப்பாங்கன்னு."

 பெரிய இடம் என்றது என்னைத்தான்.

"நீங்க வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுவீங்க" என்றார் சம்பந்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "கைமுறுக்கு சுத்துறவங்க. உங்க முன்னாடி நான் தரையில குந்திக்கினு கேரம் ஆடினா..."

நான் உள்ளே போனேன். அவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன். ரெட், அந்த ஒற்றைச் சிவப்புக் காய், வலது மூலைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கறுப்புக் காயை ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு வருடமாகத் தொடாத ஸ்ட்ரைக்கர் விரலுக்குக் கீழே வந்ததும், ஐயோ, என் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. நடுவிரலை இழுத்தேன். மூட்டில் ஊசி ஏறியது. சுண்டினேன். ரெட் குழிக்குள் போனது. ரெட் செல்லுபடியாக உடனே இன்னொரு காய் விழ வேண்டும்; அடுத்த அடியில் அந்த ஃபாலோவாக ஒரு வெள்ளைக் காயையும் போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் முட்ட விரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டேன்.

ஷமீமா வாயில் கை வைத்துக்கொண்டார். சம்பந்தி மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த விரலா?"

"ஆமாங்க."

"இதுக்கா ஆபரேஷன்?"

"ஆமாங்க சம்பந்தி."

"அப்ப டாக்டர்கிட்ட இன்னாத்துக்கு முறுக்குன்னு சொன்னீங்க?"

"நீங்க பக்கத்துல இருந்தீங்க."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. முகம் சிவந்தது. "டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கா? நீட்ட வராம தொங்கும்னாங்களே! நீட்டறதுதானே அடி? எனக்காகப் பொய் சொல்லி வெரலைப் பாழாக்கிப்பீங்களா? நான் அவ்ளோ பெரிய மகாராணியா?" குரல் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். டாக்டர் ஆபரேஷன் அறையில் இருக்கிறார், காலையில் நேரில் சொல்லுங்கள் என்றார்கள். அன்று ராத்திரி சம்பந்தி எனக்குத் தோசை வைக்கும்போது போதுமா என்று ஒரு தடவைதான் கேட்டார். கோபம் நிஜம்தான் என்று அதிலிருந்து தெரிந்தது.

காலையில் நாங்கள் ஏறிய பஸ் ஊருக்குள் போகும் பஸ்தான், கண்டக்டரிடம் சம்பந்தி சத்தியமே வாங்கிவிட்டார். ஆனால் அது விரிஞ்சிபுரம் கூட்ரோட்டுப் பக்கத்தில் புகைவிட்டு நின்றுவிட்டது. அடுத்த பஸ்கள் எல்லாம் நிறைந்து, நிற்காமல் போயின. எனக்குப் பதிலாக டாக்டர் இன்னொருவரின் விரலைத் திறந்து உட்கார்ந்துவிட்டால், என்னிடம் பேச நேரமே இருக்காது. வார்டுக்குப் போனதும் நேராகப் படுக்க வைத்து விரலின் முதுகைப் பிளந்துவிட்டால் என்ன செய்வது என்று சம்பந்தியிடம் புலம்பினேன்.

சம்பந்தி ரோட்டின் நடுவில் போய் நின்று ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியை நிறுத்தினார். டிரைவர் தலையை நீட்டினார். "உப்புத்தோல் ஏத்திருக்கேன்கா, நாத்தம் தாங்காது. முன்னாடியும் சாமான் இருக்கு. ஆயாவால பின்னாடி ஏற முடியுமா?"

எங்கள் ஊரில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். எந்த ஆயாவைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் அந்தப் பக்கத்தில் பாட்டியை அப்படிக் கூப்பிடுவார்கள் என்று புரிந்தது. இலாகா அணியின் முன்னாள் நட்சத்திரமான நான், சம்பந்தியோடு உப்புத் தடவிய ஆட்டுத்தோல் கட்டின் மேல் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலூருக்குள் நுழைந்தேன். வார்டில் நர்ஸ் என் பக்கத்தில் வந்து, ஒரு அடி பின்னால் போய், "அம்மா, குளிச்சுட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்டார். மறுபடி குளிக்க வைத்தார்கள். கையை மட்டும் தனியாக இன்னொரு தடவை தேய்த்துக் கழுவினார்கள்.

டாக்டர் வந்து என் விரலின் முதுகில் பேனாவால் கோடு போட ஆரம்பித்தார். சம்பந்தி வெளியே நிறுத்தப்பட்டிருந்தார். இப்போது நான் பயப்பட யாருமே இல்லை, ஆனாலும் வாய் வரவில்லை. முறுக்கு பொய் என்று சொன்னால் இந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும் ஒரு குரல் வந்தது.

"சம்பந்தி! சொல்லிட்டீங்களா இல்லையா? நான் உள்ள வரட்டா?"

"டாக்டர்," என்றேன், "எனக்கு முறுக்கு சுத்தத் தெரியாதுங்க. நான் கேரம் ஆடுவேனுங்க."

பேனா நின்றது. "கேரமா?" என்றார். "எப்படி அடிப்பீங்க? செஞ்சு காட்டுங்க." பேனா மூடியைக் கட்டில் பலகையில் வைத்தார். நான் சுண்டினேன். மூடி எங்கோ கட்டிலுக்கடியில் போனது. டாக்டர் சிரிக்கவில்லை, என் விரலையே பார்த்தார். "முழு அடியும் நீட்டறதுலதான் இருக்கு. நான் அந்த நாரைத்தான் வெட்டித் தைக்க இருந்தேன்" என்றார். எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்த்தார், வெளியே போய் இன்னொரு டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார்.

"உள்ளங்கைப் பக்கமா போறேன். நீட்டற நாரைத் தொட மாட்டேன். ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். இந்த வழி கொஞ்சம் குறுகல், விரல் நுனி சில நாள் மரத்த மாதிரி இருக்கலாம். முழுசா மூடிக் குத்துவிட முடியாமப் போகலாம். அப்புறம், இது இரும்பில்ல, சிலிகோன். முன்ன மாதிரி வெறிபிடிச்சு அடிச்சா உடையும். மெதுவா ஆடறதா இருந்தாதான் இந்த ஆட்டம். சம்மதமா?"

"முறுக்கு சுத்த முடியாதுங்களா?"

"கஷ்டம்."

"சம்மதமுங்க" என்றேன். இப்போது அவர் சிரித்துவிட்டார்.

விரலை மட்டும் மரத்துப்போக வைத்திருந்ததால் நான் முழித்துக்கொண்டே படுத்திருந்தேன். குறுக்கே ஒரு பச்சைத் துணி. அந்தப் பக்கம் ஏதோ இழுப்பதும் தட்டுவதும் தெரிந்தது, வலி இல்லை. தைப்பதற்கு முன்னால் டாக்டர் துணியைச் சற்று விலக்கி, "இப்ப மடக்குங்க" என்றார். விரல் மடங்கியது. "மெதுவா நீட்டுங்க." என்னுடையதா என்று சந்தேகப்படும்படி, ரத்தமும் மருந்துமாக இருந்த அந்த விரல், நூல் பிடித்த மாதிரி நீண்டது. நான் அழுதேன். ஒரு கை டாக்டரிடம் இருக்க, இன்னொரு கையில் ஊசி ஏறியிருந்ததால், நர்ஸ்தான் மூக்கைத் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பொறுமைக்கு வைத்த பரீட்சை. விரல் பின்பக்கமாக வளைந்துவிடக் கூடாது என்று அதன் முதுகில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். நீட்டலுக்காக இத்தனை பாடுபட்டவளை முதல் சில வாரம் முழுதாக நீட்டவே விடவில்லை. தினமும் மடக்கு, விடு, மடக்கு, விடு. தையல் பிரிக்கும்வரை சம்பந்தி வீட்டில் இருந்தேன். சாதம் பிசைந்து தட்டில் வைத்து, ஸ்பூனும் வைத்து, பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார். ஊர் திரும்பியதும் பயிற்சி தொடர்ந்தது. பட்டையும் ஒரு நாள் போனது. மறுபரிசோதனைக்கு மறுபடி வேலூர் போனபோது, டாக்டர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "ஆடலாம். மெதுவா" என்றார். அந்த 'மெதுவா'வை மூன்று விதமாகச் சொன்னார்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. போர்டு இப்போது சம்பந்தி வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. ஷமீமா தன் கட்சிக்கு மருமகளைக் கூட்டி வந்திருந்தார். நானும் சம்பந்தியும் ஒரு கட்சி, எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். முதல் அடிகளை எல்லாம் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல அடித்தேன். விரல் சொன்னபடி கேட்டது. ஒன்று விழுந்தது, ஒன்று குழி விளிம்பில் நின்றது. பிறகு ஷமீமாவின் மருமகள் ரெட்டைத் தவறவிட்டாள். அது நேர்க்கோட்டில், என் பக்கத்து அடிக்கோட்டுக்குக் கிட்டத்தட்ட எதிரே, மூலைக் குழியைப் பார்த்து நின்றது. அந்த நொடியில் எனக்கு டாக்டரும் ஞாபகமில்லை, சிலிகோனும் ஞாபகமில்லை. பழைய கை பழையபடி இழுத்து, முழு வேகத்தில் சுண்டியது.

"அறிவு இருக்காடி உனக்கு! மெதுவா அடின்னு டாக்டர் சொன்னாங்களா இல்லையா!"

 ஷமீமாவின் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தி தான் சொன்னதைத் தானே கேட்டு, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மகளைக் கொடுத்ததில் இருந்து இன்றுவரை எங்களுக்குள் 'நீங்க'வைத் தாண்டி ஒரு வார்த்தை போனதில்லை. அவர் கண்களில் நிஜமான பயம் தெரிந்தது.

நான் விரலைப் பார்த்தேன். வலிக்கவில்லை. தொங்கவில்லை. சுண்டிய இடத்திலேயே நேராக நீண்டு நின்றது. ரெட் போர்டில் இல்லை.

"வாயைப் பொத்தினது போதும், கையை எடுடி" என்றேன். "ஃபாலோ போடணும். எந்தக் காய்னு சொல்லு."